கிராஃப் தாளில் சமன்பாடு வரைவது: நேர்க்கோட்டிலிருந்து பரவளையம் வரை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணிதத் தாளில் வரைபடக் கேள்வி கடைசிப் பகுதியில் வரும். அதற்கு 8 மதிப்பெண். தெரியாததால் அதை விடுகிறவர்கள் குறைவு. தெரிந்தும் ஒரு குறியைத் தவறவிட்டு, அது எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் தாளை வீணாக்குகிறவர்கள்தான் அதிகம். வரைபடத்தில் ஒரு வசதி உண்டு: எங்கே தப்பு செய்தாலும் அது கண்ணுக்குத் தெரியும்படி துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எக்ஸ், ஒய் என்ற இரண்டு எழுத்துகளையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறோம். நோட்டில் வழக்கமான எழுத்துகளையே போட்டுக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

கிராஃப் தாளில் ஒரு சிறு கட்டம் 1 மி.மீ. பத்துச் சிறு கட்டங்களுக்கு ஒரு தடித்த கோடு, அதாவது 1 செ.மீ. கட்டம் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது மொட்டைப் பென்சிலால் வரைந்தால் கோடே ஒரு கட்டத்தை விழுங்கிவிடும். நன்றாகச் சீவிய எச்.பி. பென்சில், அல்லது 0.5 மி.மீ. லெட் போடும் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் 30 செ.மீ. நீளமும் கண்ணாடி போல ஊடே தெரிவதுமாக இருந்தால் நல்லது. 15 செ.மீ. ஸ்கேலை நகர்த்தி நகர்த்திக் கோடு நீட்டினால் சேர்கிற இடத்தில் சிறு முறிவு வரும். தாளில் அச்சான பகுதி எத்தனை செ.மீ. அகலம், எத்தனை செ.மீ. உயரம் என்று ஒருமுறை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அச்சுக்கு முன் அட்டவணை

தாளைக் கையில் வாங்கியதும் நட்ட நடுவே ஒரு கூட்டல் குறி போல இரண்டு அச்சுகளை வரைந்துவிடுவது பலரின் வழக்கம். அச்சு எங்கே வர வேண்டும் என்பதை அட்டவணைதான் சொல்லும். அதனால் அட்டவணையை முதலில் போடுங்கள்.

ஒய் = 2எக்ஸ் − 3 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். எக்ஸுக்கு நாமாக ஒரு மதிப்பைக் கொடுக்கிறோம். சமன்பாடு அதற்குரிய ஒய் மதிப்பைத் தருகிறது. எக்ஸ் = 4 என்றால் 2 × 4 = 8, அதில் 3 போக 5. எக்ஸ் = 0 என்றால் −3. எக்ஸ் = −2 என்றால் 2 × (−2) = −4, பிறகு −4 − 3 = −7.

இந்தக் கடைசி வரியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். −4 − 3 என்பதை −1 என்று எழுதிவிடுவார்கள். −4 என்றால் ஏற்கெனவே சுழியத்துக்குக் கீழே நான்கு படி. அங்கிருந்து இன்னும் மூன்று படி இறங்கினால் −7. மனதில் போடாமல் பெருக்கலை ஒரு வரியிலும் கழித்தலை அடுத்த வரியிலும் எழுதினால் இந்தத் தவறு பெரும்பாலும் நின்றுவிடும்.

முழு அட்டவணை இது:

எக்ஸ்: −2, −1, 0, 1, 2, 3, 4
ஒய்: −7, −5, −3, −1, 1, 3, 5

ஒய் வரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் 2 கூடுகிறது. எக்ஸ் ஒன்று ஒன்றாக ஏறும்போது ஒய் சம அளவில் ஏறினால் (அல்லது இறங்கினால்) அது நேர்க்கோடு. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் 2-க்குப் பதிலாக 3 வந்தால், தாளில் புள்ளி வைக்கும் முன்பே அந்த வரியைத் திருத்திவிடலாம்.

நேர்க்கோட்டுக்கு உண்மையில் ஏழு புள்ளிகள் தேவையில்லை. இரண்டு போதும், மூன்றாவது சரிபார்க்க. ஆனால் அவை நெருக்கமாக இருக்கக் கூடாது. 1 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வைத்து, அதில் ஒன்று அரை மி.மீ. விலகினால், 10 செ.மீ. தள்ளிப் போகும்போது கோடு 5 மி.மீ. விலகி நிற்கும். (−2, −7), (1, −1), (4, 5) என்று இரு முனைகளும் நடுவும் எடுப்பது பாதுகாப்பு. கேள்வியில் அட்டவணை கேட்டிருந்தால் முழுவதும் எழுதுங்கள்.

அளவுத்திட்டமும் ஆதிப்புள்ளியின் இடமும்

ஒய் மதிப்புகள் −7 முதல் 5 வரை போகின்றன. மொத்தம் 12 அலகு. 1 செ.மீ. = 1 அலகு என்று வைத்தால் 12 செ.மீ. போதும். ஆதிப்புள்ளிக்கு, அதாவது இரண்டு அச்சுகளும் வெட்டும் இடத்துக்கு, கீழே 8 செ.மீ., மேலே 6 செ.மீ. இடம் விட்டு எக்ஸ் அச்சை வரையுங்கள். இப்படிக் கணக்கிட்டால் −7 தாளை விட்டு வெளியே விழாது.

மதிப்புகள் பெரியதாக இருந்தால் 1 செ.மீ.-க்கு 2, 5, 10, 20, 50 என்று வைக்கலாம். 3 வேண்டாம், 7 வேண்டவே வேண்டாம். 1 செ.மீ.-க்கு 3 அலகு என்றால் ஒரு சிறு கட்டம் 0.3 அலகு. 2 அலகைக் குறிக்க ஆறே முக்கால் கட்டத்துக்குச் சற்றுக் குறைவாக ஓர் இடத்தைத் தேட வேண்டும். அங்கே கோடே இல்லை. 5 வைத்தால் ஒரு சிறு கட்டம் 0.5, 2 அலகு சரியாக நான்காவது கட்டத்தில் விழும்.

இரண்டு அச்சுக்கும் வெவ்வேறு அளவுத்திட்டம் வைக்கலாம். ஆனால் ஒரே அச்சில் மிகைப் பக்கம் ஓர் அளவு, குறைப் பக்கம் வேறு அளவு என்று வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் நேர்க்கோடு ஆதிப்புள்ளிக்கு அருகே ஒடிந்துவிடும். தேர்ந்த அளவை வலது மேல் மூலையில் எழுதுங்கள்: எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு. இதை எழுதாமல் விடுவது சும்மா மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு வருவது.

எண்களைத் தடித்த கோடுகளின் மேல் எழுதுங்கள், கட்டங்களின் நடுவில் அல்ல. இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் குறை எண்கள். இவ்வகை வடிவகணிதத்துக்கு 1637-ல் வழி திறந்த பிரெஞ்சுக்காரர் ரெனே டெகார்ட்டின் நூலில்கூட, நாம் இன்று வரையும் நான்கு கால்பகுதி கொண்ட அச்சுப் படம் கிடையாது. குறை எண்களுக்கு இடம் ஒதுக்கும் பழக்கம் பிறகுதான் நிலைத்தது. எனவே அது ஆரம்பத்தில் குழப்பினால் வியப்பில்லை.

புள்ளி வைப்பது, கோடு இழுப்பது

வரிசைச் சோடியில் முதலில் வருவது எக்ஸ், அதாவது பக்கவாட்டு நகர்வு. இரண்டாவது ஒய், மேல்-கீழ் நகர்வு. (−2, −7) என்றால் ஆதிப்புள்ளியிலிருந்து இடப்பக்கம் 2, அங்கிருந்து கீழே 7. மூன்றாம் கால்பகுதியில் போய் நிற்கும். சுழியம் வரும் சோடிகளில் கவனம் தேவை. (0, −3) என்பது பக்கவாட்டில் நகராமல் கீழே மூன்று. அது ஒய் அச்சின் மேலேயே இருக்கிறது. அதை (−3, 0)-இல் வைத்தால் எக்ஸ் அச்சுக்குப் போய்விடும், கோடும் கோணலாகும்.

ஒவ்வொரு புள்ளியையும் சிறு பெருக்கல் குறியால் குறியுங்கள், அல்லது மெல்லிய புள்ளி வைத்து அதைச் சுற்றி ஒரு சிறு வட்டம் போடுங்கள். கொட்டைப் புள்ளி வைத்தால் அதன் நடு எது என்று பிறகு உங்களுக்கே தெரியாது. பக்கத்தில் ஆயத்தொலைவுகளை எழுதிவிட்டு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே கோட்டில் விழுந்தால் வரையுங்கள். விழவில்லையென்றால் “கிட்டத்தட்ட” என்று சமாளித்து இழுக்காதீர்கள். மூன்றில் ஒன்று தவறு. எது என்று அறிய அட்டவணையில் மறுபடி பிரதியிடுங்கள்.

கோடு கடைசிப் புள்ளியோடு நிற்கக் கூடாது. இரு பக்கமும் சற்று நீட்டி அம்புக்குறி இட்டு, அதன் மேல் சமன்பாட்டை எழுதுங்கள். கோட்டின் மேல் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும், நீங்கள் அட்டவணையில் எழுதாத (2.5, 2) உட்பட, அந்தச் சமன்பாட்டை நிறைவு செய்யும். 2 × 2.5 − 3 = 2. சந்தேகம் வரும் எந்த இடத்திலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

வரைந்த கோடு ஒய் அச்சை −3-இல் வெட்டுகிறது. அதுதான் சமன்பாட்டின் கடைசி எண், ஒய் வெட்டுத்துண்டு. வலப்பக்கம் 1 நகர்ந்தால் 2 ஏறுகிறது. அது எக்ஸின் கெழு, அதாவது எக்ஸைப் பெருக்கும் எண்; அதுதான் சாய்வு. சாய்வைச் செ.மீ.-இல் அளக்காமல் அலகில் அளக்க வேண்டும். ஒய் அச்சில் 1 செ.மீ. = 10 அலகு என்று மாற்றினால் இதே கோடு படுத்துக்கிடப்பது போலத் தெரியும்; சாய்வு என்னவோ 2-தான்.

வேறு வடிவில் வரும் கோடுகள்

3எக்ஸ் + 4ஒய் = 12 போன்றவற்றில் ஒய்-ஐத் தனியே பிரித்தெடுத்தால் பின்னம் வந்து தொல்லை தரும். எக்ஸ் = 0 என்று வைத்தால் ஒய் = 3; ஒய் = 0 என்று வைத்தால் எக்ஸ் = 4. (0, 3), (4, 0) இரண்டும் கிடைத்துவிட்டன. சரிபார்க்க எக்ஸ் = 8 வையுங்கள்: 24 + 4ஒய் = 12, ஆகவே ஒய் = −3. (8, −3)-ம் அதே கோட்டில் விழ வேண்டும்.

2எக்ஸ் − 5ஒய் = 0 என்றால் இந்தக் குறுக்குவழி கைகொடுக்காது. எக்ஸ் சுழியமானாலும் ஒய் சுழியமானாலும் கிடைப்பது ஆதிப்புள்ளி ஒன்றே. எக்ஸ் = 5 வைத்து (5, 2) எடுங்கள், எக்ஸ் = −5 வைத்து (−5, −2) எடுங்கள். கெழு பின்னமாக இருந்தாலும் இதே தந்திரம்தான்: எக்ஸின் கெழு மூன்றில் இரண்டு என்றால் எக்ஸுக்கு −3, 0, 3, 6 என்று மூன்றின் மடங்குகளையே கொடுங்கள், ஒய் முழு எண்ணாக வரும்.

எக்ஸ் = 4 என்ற கோடு எப்படி இருக்கும்? எக்ஸ் அச்சுக்கு இணையாக என்று பலரும் சொல்வார்கள். இல்லை. ஒய் எதுவானாலும் எக்ஸ் 4 என்பதால் (4, −1), (4, 0), (4, 5) எல்லாம் அதில் உண்டு. அது செங்குத்துக் கோடு. ஒய் = −2 கிடைக்கோடு.

இரண்டு கோடுகள் வெட்டும் இடம்

2எக்ஸ் + ஒய் = 8, எக்ஸ் − ஒய் = 1 இரண்டையும் ஒரே தாளில் வரையுங்கள். முதலாவதற்கு (0, 8), (4, 0), (2, 4). இரண்டாவதற்கு (0, −1), (1, 0), (5, 4). இரண்டும் (3, 2)-இல் வெட்டும். விடையை எழுதும் முன் இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பாருங்கள்: 6 + 2 = 8, 3 − 2 = 1. ஒன்றில் மட்டும் பொருந்தினால் மற்றக் கோடு தவறு.

கோடுகள் இணையாகப் போனால் தீர்வு இல்லை. ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் எண்ணற்ற தீர்வுகள். வெட்டும் இடம் கட்டங்களுக்கு நடுவில் விழுந்தால் வரைபடம் தோராயமான விடையைத்தான் தரும், 1 செ.மீ. = 1 அலகு எனில் 0.1 வரை படிக்கலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

பரவளையம்

ஒய் = எக்ஸ்² − எக்ஸ் − 6. எக்ஸின் வர்க்கம் வரும் இது இருபடிச் சமன்பாடு; இதன் படம் கிண்ணம் போன்ற வளைவு, அதுதான் பரவளையம். இங்கே அட்டவணையை ஒரே வரியில் போட்டால் தவறு வரும். எக்ஸ்², −எக்ஸ், −6 என்று மூன்று வரிகள் போட்டு, செங்குத்தாகக் கூட்டி ஒய்-ஐ எழுதுங்கள். எக்ஸ் = −3 எனும்போது எக்ஸ்² = 9, −எக்ஸ் = +3, அதோடு −6; கூட்டினால் 6. (−3)² என்பது −9 ஆகாது. கால்குலேட்டரில் அடைப்புக்குறி இல்லாமல் −3² என்று தட்டினால் பல கருவிகள் −9 என்றே காட்டும். அவை மூன்றை முதலில் வர்க்கமாக்கிவிட்டுப் பிறகு குறி போடுகின்றன.

எக்ஸ்: −3, −2, −1, 0, 1, 2, 3, 4
ஒய்: 6, 0, −4, −6, −6, −4, 0, 6

இந்த வரிசை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கிறது. பரவளையத்தின் சமச்சீர் அது. ஆனால் எடுத்த எக்ஸ் மதிப்புகள் சமச்சீர் அச்சுக்கு இருபுறமும் சமமாக அமைந்தால்தான் இப்படித் தெரியும். எப்போதும் பயன்படும் சோதனை வேறொன்று. அடுத்தடுத்த ஒய் மதிப்புகளின் வித்தியாசத்தை எழுதுங்கள்: −6, −4, −2, 0, 2, 4, 6. இந்த வித்தியாசங்களே இரண்டிரண்டாக ஏறுகின்றன. எக்ஸ் ஒன்று ஒன்றாக ஏறும் எந்த இருபடி அட்டவணையிலும் இந்த இரண்டாம் வித்தியாசம் மாறாது. அது எக்ஸ்²-இன் கெழுவைப் போல இரு மடங்கு. அரை நிமிட வேலை. எங்கே மாறுகிறதோ அதற்குப் பக்கத்தில்தான் தப்பு.

புள்ளிகளை வைத்த பிறகு ஸ்கேலைத் தள்ளி வைத்துவிடுங்கள். பரவளையத்தைக் கையால்தான் வரைய வேண்டும். புள்ளிக்குப் புள்ளி நேராக இணைத்தால் கிடைப்பது மூலை மூலையான உடைந்த கோடு. மணிக்கட்டு வளைவின் உட்பக்கம் இருக்கும்படி தாளைத் திருப்பிக்கொண்டு, மூன்று மூன்று புள்ளிகளாக, முதலில் மெலிதாகவும் பிறகு அழுத்தியும் வரையுங்கள்.

அதிகம் கெடுவது அடிப்பகுதி. (0, −6), (1, −6) இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பதால் அவற்றைக் கிடைக்கோட்டால் இணைத்துத் தட்டையான அடி போட்டுவிடுவார்கள். நடுவில் எக்ஸ் = 0.5 எனும்போது ஒய் = 0.25 − 0.5 − 6 = −6.25. வளைவு அங்கே இன்னும் கால் அலகு இறங்கித்தான் திரும்புகிறது. இந்த முனைப் புள்ளியையும் கணக்கிட்டு வைத்துவிட்டால் அடி தானாக உருண்டு வரும். மேல் முனைகளை உள்நோக்கி மடக்காதீர்கள். பரவளையம் விரிந்துகொண்டே போகும்.

இந்த வளைவு எக்ஸ் அச்சை −2, 3 ஆகிய இடங்களில் வெட்டுகிறது. எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0 என்பதன் மூலங்கள் அவையே. இரண்டு இடத்தில் வெட்டினால் மெய்யான, சமமற்ற மூலங்கள். அச்சைத் தொட்டுத் திரும்பினால் மெய்யான, சமமான மூலங்கள். வெட்டவே இல்லையென்றால் மெய் மூலங்கள் இல்லை. தன்மையைக் கேட்டால் இந்த வாக்கியத்தை எழுத வேண்டும். படம் மட்டும் போதாது.

தேர்வில் இதோடு விடமாட்டார்கள். “இதைக் கொண்டு எக்ஸ்² − 2எக்ஸ் − 8 = 0 என்பதைத் தீர்க்க” என்பார்கள். இன்னொரு பரவளையம் வரையத் தேவையில்லை. வரைந்த சமன்பாட்டிலிருந்து கேட்ட சமன்பாட்டைக் கழியுங்கள்:

ஒய் = எக்ஸ்² − எக்ஸ் − 6
0 = எக்ஸ்² − 2எக்ஸ் − 8

கழிக்கும்போது கீழ் வரியின் எல்லாக் குறிகளும் மாறும். எக்ஸ்² நீங்கும்; −எக்ஸ் + 2எக்ஸ் = எக்ஸ்; −6 + 8 = 2. கிடைப்பது ஒய் = எக்ஸ் + 2 என்ற நேர்க்கோடு. எக்ஸ்² நீங்காமல் நின்றால் கழித்தலில் தவறு. இந்தக் கோட்டுக்கும் சிறு அட்டவணை போடுங்கள்: (−2, 0), (0, 2), (4, 6). அது பரவளையத்தை (−2, 0), (4, 6) இரண்டிலும் வெட்டும். விடை எக்ஸ் மதிப்புகள் மட்டும்: −2, 4. ஒய் மதிப்பான 6-ஐயும் தீர்வில் சேர்த்து எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

மாறுபாட்டு வரைபடங்கள்

இருபடிக் கேள்விக்கு மாற்றாக வருவது பெரும்பாலும் இதுதான். வரைவது எளிது, அலகில்தான் பொறி இருக்கும். மணிக்கு 40 கி.மீ. சீராகப் போகும் மோட்டார் சைக்கிள் என்றால் ஒய் = 40எக்ஸ். ஒன்று எத்தனை மடங்கானால் மற்றதும் அத்தனை மடங்காகும் நேர் மாறுபாடு என்பதால் கோடு ஆதிப்புள்ளி வழியே போக வேண்டும். எக்ஸ் அச்சில் 2 செ.மீ. = 1 மணி, ஒய் அச்சில் 1 செ.மீ. = 20 கி.மீ. என்று வைக்கலாம். 45 நிமிடத்தில் எவ்வளவு தூரம் என்று கேட்டால் அச்சில் 45-ஐத் தேடாதீர்கள், அது 0.75 மணி, தாளில் 1.5 செ.மீ. அங்கிருந்து கோடு வரை மேலே போய், இடப்பக்கம் திரும்பி ஒய் அச்சைத் தொட்டால் 30 கி.மீ. இந்தப் பாதையை விட்டுவிட்டு வரும் புள்ளிக்கோடாகத் தாளில் காட்டுங்கள். அதில்லாமல் விடை மட்டும் இருந்தால் வரைபடத்திலிருந்து படித்தீர்களா, பெருக்கிப் போட்டீர்களா என்று திருத்துபவருக்குத் தெரியாது.

எதிர் மாறுபாட்டில் பெருக்கற்பலன் மாறாது. 24 நாளில் ஒருவர் முடிக்கும் வேலையை, எல்லோரும் ஒரே வேகத்தில் செய்தால், எக்ஸ் பேர் ஒய் நாளில் முடிப்பார்கள்: எக்ஸ் × ஒய் = 24. (1, 24), (2, 12), (3, 8), (4, 6), (6, 4), (8, 3), (12, 2) என்று 24-இன் வகுத்திகளையே எடுத்தால் பின்னம் வராது. 1 செ.மீ. = 2 அலகு என்று இரு அச்சுக்கும் வைத்தால் படம் தாளில் அடங்கும். ஆள், நாள் இரண்டும் குறை எண்ணாக முடியாது என்பதால் முதல் கால்பகுதி போதும். ஆதிப்புள்ளியை இடது கீழ் மூலைக்குத் தள்ளிவிடலாம். வளைவு அச்சுகளை நெருங்கும், தொடாது. கடைசிப் புள்ளியிலிருந்து அச்சுவரை இழுத்து ஒட்டவைத்தால் “ஆளே இல்லாமல் வேலை முடியும்” என்றோ “நாளே ஆகாமல் முடியும்” என்றோ ஆகிவிடும். (1, 24)-க்கும் (2, 12)-க்கும் நடுவே இடைவெளி பெரியது; அங்கே எக்ஸ் = 1.5 வைத்து (1.5, 16) என்ற புள்ளியைக் கூடுதலாக எடுத்தால் வளைவு சரியாக அமையும்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் போன்ற இலவசச் செயலிகளில் அதே சமன்பாட்டைத் தட்டிப் பார்க்கலாம். தாளில் முழுவதும் வரைந்து முடித்த பிறகு தட்டுங்கள். திரையில் அளவுத்திட்டம் தானாக மாறிக்கொள்ளும் என்பதால் வடிவத்தை ஒப்பிடாதீர்கள். அச்சுகளை எங்கே வெட்டுகிறது, முனை எங்கே, இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்ற எண்களை ஒப்பிடுங்கள்.